டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க

முகம் வெந்துபோயிற்று, முடி கொட்டிப்போயிற்று என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "டப்பா எங்கே?" மூடி இருக்கிறதா, வெளி அட்டை இருக்கிறதா, அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவேன். முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசாமல் இப்படிக் கேட்கிறாளே என்று கூட வந்த அம்மா முறைப்பதும் உண்டு. ஆறுதலை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அன்று சாயங்காலம் வீட்டைக் கூட்டும்போது அந்த டப்பா குப்பைக்குப் போய்விட்டால் வழக்கே இல்லை.

நான் திருநெல்வேலியில் வக்கீலாகப் பதிவு செய்தது 1990களின் தொடக்கத்தில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்திருந்தது. மாவட்ட மன்றங்கள் அப்போதுதான் ஒழுங்காக உட்காரத் தொடங்கியிருந்தன. வந்த வழக்குகள் எல்லாம் ஓடாத ஃபிரிட்ஜ், முளைக்காத விதை, பணம் தராத இன்சூரன்ஸ் கம்பெனி. உடம்பில் பூசும் பொருளால் வந்த கேடு என்று யாரும் மன்றத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. கேடு இல்லாமல் இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கிரீம் பூசினேன் என்று வெளியே சொல்ல வெட்கம். இரண்டு ரூபாய்ப் பொருளுக்கா கேஸ் என்ற நினைப்பு வேறு.

அந்த இரண்டு ரூபாய்ப் பொருள்தான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது. ஸ்டிக்கர் பொட்டு. பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில், பொட்டின் அளவிலேயே, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டமாக வெள்ளை. ஊரில் அதை வெண்குஷ்டம் என்று பேசிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவர் அந்த வட்டத்தைப் பார்த்த உடனே கேட்டாராம், "என்ன பொட்டும்மா வைக்கீங்க?" அந்த ஒட்டுப் பசையில் சேர்க்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம், தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களைக் கொன்றுவிடும். தோல் மருத்துவத்தில் இது நன்கு தெரிந்த விஷயம். பொட்டு வாங்குகிற யாருக்கும் தெரியாது.

அவர்கள் பொட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். மெரூன் நிற வெல்வெட் பொட்டு, பாதி அட்டை காலி. திருப்பிப் பார்த்தேன். ஓர் அம்மன் படம், ஒரு பெயர். தயாரித்தவர் யார், எந்த ஊர், என்ன பசை, ஒன்றும் இல்லை. விற்ற கடைக்காரரை எதிர்மனுதாரராகப் போட்டோம். கடைக்காரரின் வக்கீல் எழுந்து, பொட்டு அழகுசாதனமே இல்லை, அது பூசுவதில்லை ஒட்டுவது என்றார். மருந்துகள் மற்றும் அழகுசாதனங்கள் சட்டத்தில், 1940ஆம் வருஷத்துச் சட்டத்தில், தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது என்று அடுக்கிவிட்டு, வேறு எந்த வகையிலாவது உடம்பில் இடுவதும் சேரும் என்று ஒரு வால் இருக்கிறது. அதை வாசித்தேன். மன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் வழக்கு தோற்றது. இந்தக் கடையில்தான் வாங்கினார் என்பதற்கு என்ன அத்தாட்சி? பில் இல்லை. இரண்டு ரூபாய்ப் பொட்டுக்கு எந்த அண்ணாச்சி பில் போட்டார்?

தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்த அந்த அம்மா என்னைத் தேற்றினார்கள். "விடுங்கம்மா, நோயில்லன்னு டாக்டரே எழுதிக் குடுத்துருக்காகள்லா, அத மன்றத்துலயும் வாசிச்சாகள்லா, அது போதும்." அந்த மருத்துவக் குறிப்பின் நகலைப் பல பேருக்கு அவர்கள் காட்டியதாகப் பின்னால் தெரிந்தது. எனக்கு அது போதவில்லை. ஒருவர் உடம்பில் கேடு இருக்கிறது, அதைச் செய்த பொருள் கையில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு மட்டும் இல்லை. இந்த வகை வழக்குகளில் முப்பது வருஷமாக நான் செய்வதெல்லாம் அந்தக் கயிற்றைத் திரிக்கும் வேலைதான்.

பழைய சட்டத்தில் எங்களுக்கு இன்னொரு இடைஞ்சல் இருந்தது. நஷ்டஈடு வாங்க வேண்டுமானால் எதிராளியின் கவனக்குறைவால் கேடு வந்தது என்று காட்ட வேண்டும். தொழிற்சாலைக்குள் என்ன நடந்தது என்று திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜவுளிக்கடை ஊழியர் எப்படிக் காட்டுவார்? அதனால் நான் வழக்கை இரண்டு படியாகப் பிரித்துக்கொள்வேன். முதல் படி, டப்பாவுக்குள் சட்டம் தடுத்த பொருள் இருக்கிறது, அல்லது சட்டம் எழுதச் சொன்னதை எழுதவில்லை. சட்டப்படி இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டாலே அது குறைபாடுள்ள பொருள். இதை நிறுவ முகத்தைக் காட்டவே வேண்டாம், டப்பா போதும். இரண்டாவது படிதான் உடம்பு. முதல் படியில் கால் ஊன்றிவிட்டால், மறைத்ததே கவனக்குறைவு என்று வாதிக்க இடம் கிடைக்கும்.

ஜவுளிக்கடை ஊழியர் என்று சொன்னது ஒரு பெண்ணை நினைத்துத்தான். 2018க்கு முந்திய வழக்கு. சேலைப் பிரிவில் நிற்பவர், கறுப்பாக இருப்பதால் முன்வரிசையில் நிறுத்த மாட்டோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் ஒரு பியூட்டி பார்லரில் வெள்ளை டப்பா ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மேலே பச்சை இலை போட்ட ஸ்டிக்கர், 'ஹெர்பல்' என்று ஒரு வார்த்தை. மூன்றே வாரத்தில் முகம் வெளுத்தது. முன்வரிசையும் கிடைத்தது. அப்புறம் வெயிலில் போனால் முகம் சிவந்து எரிந்தது, பரு கிளம்பியது, கன்னத்தில் மயிர் முளைத்தது, தோலுக்கடியில் சிவப்பு நரம்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. "நிறுத்துனா எரியுது மேடம், போட்டா அடங்குது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை வேறு வேறு வாய்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஸ்டீராய்டு கலந்த கிரீமின் கையெழுத்து அது. நோயாளி சொல்லும்போதே தோல் மருத்துவர்கள் தலையாட்டுவார்கள். இப்படிப் பாழான முகத்துக்கு அவர்களிடம் தனிப் பெயரே இருக்கிறது.

அவர் வைத்திருந்த டப்பா முக்கால்வாசி காலி. அதை மட்டும் நம்பி மன்றத்துக்குப் போனால், நீயே மருந்துக்கடையில் டியூப் வாங்கிக் கலந்துவிட்டு வந்திருக்கிறாய் என்பார்கள். திறந்த டப்பாவுக்கு எப்போதும் இந்தப் பழி உண்டு. ஆகவே ஒரு நுகர்வோர் சங்கத்து நண்பரை அதே பார்லருக்கு அனுப்பி, புது டப்பா ஒன்றை வாங்கச் செய்தோம். பில் கேட்டதும் முதலில் மறுத்திருக்கிறார்கள். ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வாங்கினார். 1940ஆம் வருஷத்துச் சட்டத்தில் 26ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய எவரும், அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கமும், கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம். அதிகாரி வந்து மாதிரி எடுக்கட்டும் என்று காத்துக் கிடக்க வேண்டியதில்லை. வக்கீல்களிலேயே பலர் இந்தப் பிரிவைப் புரட்டிப் பார்த்ததில்லை.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. ஒரு தனியார் ஆய்வகத்தின் அறிக்கையோடு வந்தார்கள். கிரீம் தரத்துக்கு உட்பட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். இந்தியத் தர நிர்ணயத்தில் தோல் கிரீம்களுக்கு 6608 என்ற எண்ணில் ஒரு தரம் உண்டு. காரத்தன்மை பார்ப்பார்கள், கொழுப்பின் அளவு பார்ப்பார்கள், கன உலோகம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மிகாமலும் ஆர்செனிக் 2 பங்குக்கு மிகாமலும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கிருமி பார்ப்பார்கள். ஸ்டீராய்டு அந்தப் பட்டியலில் கிடையாது. முகப்பூச்சில் ஸ்டீராய்டு கலப்பான் என்று தரம் எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நுகர்வோர் மன்றத்தில் பிரமாண வாக்குமூலம்தான் சாட்சியம், குறுக்கு விசாரணையும் பெரும்பாலும் எழுத்துக் கேள்விகளால்தான். ஆய்வகத்துக்கு ஒரே கேள்விதான் எழுதி அனுப்பினேன்: "இந்த மாதிரியில் ஸ்டீராய்டு உள்ளதா என்று சோதித்தீர்களா?" பதில் ஒரு வரியில் வந்தது. அந்தச் சோதனை கோரப்படவில்லை.

எங்கள் அறிக்கையில் பீட்டாமெத்தசோன் கண்டறியப்பட்டது என்று இருந்தது. கேட்டதை மட்டும்தான் ஆய்வகம் தேடும். மனு எழுதும் இளைய வக்கீல்களிடம் இதை ஓயாமல் சொல்வேன். 'உரிய சோதனை செய்ய உத்தரவிட வேண்டும்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால், உரிய சோதனை எல்லாம் நடந்து, எல்லாவற்றிலும் தேறி, கிரீம் நல்ல பெயரோடு திரும்பி வரும். தோல் மருத்துவரிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். இந்த முகத்தைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தோன்றுகிறது என்று கேளுங்கள். பாதரசமா, ஹைட்ரோகுவினோனா, ஸ்டீராய்டா, எந்த ஸ்டீராய்டு. அந்தப் பெயர்களை மனுவில் எழுதுங்கள். மன்றம் மாதிரியை அரக்கு வைத்து முத்திரையிட்டு அனுப்பும்போது உறையோடு அந்தக் கேள்வியும் போக வேண்டும். 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாதக்கணக்கில் ஆகும். சோதனைச் செலவுக்கான பணத்தை முதலில் கட்ட வேண்டியவரும் புகார் கொடுத்தவர்தான்.

அந்தப் பெண்ணுக்குத் தீர்ப்பு சாதகமாக வந்தது. தொகை பெரிதில்லை, பட்ட பாட்டுக்குக் காணாது. என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. அந்த பீட்டாமெத்தசோன் டியூபை அன்றைக்கு எந்த மருந்துக்கடையிலும் சீட்டு இல்லாமல் வாங்க முடிந்தது. மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்துகளின் 'எச்' பட்டியலில் ஸ்டீராய்டுகள் இருந்தும், வெளிப்பூச்சுக்கு என்றால் விலக்கு என்று ஒரு குறிப்பு இருந்தது. தோல் மருத்துவர்கள் வருஷக்கணக்காகப் போராடி, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சுகளுக்கு அந்த விலக்கு எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் வாதம் எளிதாயிற்று. விற்பனை நின்றதா என்றால் நிற்கவில்லை. இன்றும் பார்லர் டப்பாக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

லேபிளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. அழகுசாதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு வரிசைப்படியும், அதற்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலாவதும் அட்டையில் அச்சிட வேண்டும் என்பது விதி. நல்ல விதி. அதன் கீழேயே ஒரு விலக்கு: 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த கிரீம், பொடிகளுக்கும் இந்தப் பட்டியல் தேவையில்லை. எங்கள் ஊர் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குவது எல்லாம் சாஷேதான். மாதச் சம்பளத்தில் பெரிய டியூப் வாங்குகிறவருக்கு உள்ளே என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு, கூலிக்குப் போய் வந்து அன்றன்றைக்கு வாங்குகிறவருக்கு இல்லை. 2020இல் அழகுசாதனங்களுக்கென்று தனி விதிகள் வந்தபோது இந்த விலக்கை எடுத்திருக்கலாம். அதையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சிறிய பாக்கெட்டில் இடம் இல்லை என்பது கம்பெனிகள் சொல்லும் காரணம். நடிகையின் முகத்துக்கு இடம் இருக்கிறது.

தலைச்சாய வழக்குகளில் மட்டும் லேபிள் எங்களுக்குத் துணை. பாராஃபினைலின்டயமின் என்ற வேதிப்பொருள் கலந்த சாயத்தில், சிலருக்கு ஒவ்வாமை வரும், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் பூசக் கூடாது, பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருந்தாக வேண்டும். வெளி அட்டையில் மட்டும் போதாது, உள் உறையிலும் வேண்டும். எனவே சாய வழக்கு வந்தால் இரண்டு உறைகளையும் மேசை மேல் விரித்து வைத்துத் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பல வழக்குகள் அந்த மேசையிலேயே பாதி முடிந்துவிடும்.

அதிலிருந்து தப்பிக்கத்தான் 'மருதாணி' என்று எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், சாயம் ஒத்துக்கொள்ளாது என்பதால் இயற்கை மருதாணிப் பொடி என்று கேட்டு வாங்கித் தலைக்குப் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் முடி கருகருவென்று ஆகிவிட்டது. மறுநாள் காலை கண் இரண்டும் திறக்க முடியாமல் முகம் பரங்கிக்காய் போல வீங்கிவிட்டது. கன்னிகாதானம் செய்யக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். கல்யாண ஆல்பம் முழுக்க அவர் முகம் அப்படித்தான் இருக்கிறது, அந்த ஆல்பத்தையே ஆவணமாகக் கொடுத்தோம்.

பிற்பாடு தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார். சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னக் கிண்ணிகளில் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். பாராஃபினைலின்டயமின் வைத்த இடம் தடித்துக் கொப்புளித்திருந்தது. பொருளையும் உடம்பையும் சேர்த்துக் கட்டும் கயிறு என்றேனே, மருத்துவம் தரும் கயிறுகளில் உறுதியானது இது. இருந்தாலும் வழக்கைத் திருப்பியது மன்றத்தின் பெண் உறுப்பினர். மன்றத்தில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்பது பழைய சட்டம் செய்த பெரிய நன்மை. கம்பெனி வக்கீல், இது முழுக்க மருதாணி இலைப் பொடி, வேறெதுவும் கிடையாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் கேட்டார்: "மருதாணி எப்ப சார் கறுத்துச்சு? ராத்திரி பூரா வச்சாலும் சிவக்கத்தானே செய்யும்? அரை மணி நேரத்துல எப்படிக் கறுக்கும்?" வக்கீல் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாய்தாவுக்கு முன்பே சமரசத்துக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

வெளியே தெரியாத பெரும்பகுதி இந்தச் சமரசங்கள்தான். ஆய்வறிக்கை எங்களுக்குச் சாதகமாக வரும் என்று மோப்பம் பிடித்த உடனே பேச்சு தொடங்கும். தொகை பரவாயில்லை என்கிற அளவில் இருக்கும். கூடவே ஒரு நிபந்தனை: புகாரை வாபஸ் வாங்க வேண்டும், வெளியே பேசக் கூடாது. தீர்ப்பு இல்லை, பத்திரிகையில் செய்தி இல்லை, அந்தப் பொடி அதே அட்டையில் கடையில் தொங்கும். ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது கட்சிக்காரரின் முடிவு. மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கியிருப்பவரிடம் ஊருக்காக வழக்கை நடத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் நிபந்தனைகளில் ஒன்றை நானும் வைப்பேன், கையிருப்புச் சரக்கில் எச்சரிக்கை ஒட்டவோ திரும்பப் பெறவோ வேண்டும் என்று. சில கம்பெனிகள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. ஆசிரியர் வழக்கில் அட்டை மாறியது.

இளைய வக்கீல்கள் அமெரிக்காவைக் காட்டிக் கேட்பார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் டால்கம் பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததால் சினைப்பைப் புற்று வந்தது என்று 22 பெண்கள் போட்ட வழக்கில், 2018இல் செயின்ட் லூயிஸ் நகர ஜூரி 469 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது 212 கோடியாகக் குறைந்தது. பவுடரால் புற்று வராது என்றுதான் அந்த நிறுவனம் தொடர்ந்து சொல்கிறது. ஆனாலும் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகம் முழுவதும் விற்பதை நிறுத்திக்கொண்டது. தொகையை விட்டுவிடுங்கள் என்பேன். அங்கே நிறுவனத்தின் பழைய ஆய்வுக் குறிப்புகளும் உள்ளுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களும் வழக்கு வழியாக வெளியே வந்தன. நமக்கு அந்த வசதி இல்லாததுதான் குறை. கோப்பைக் கொடு என்று மன்றத்தில் கேட்கலாம், இல்லை என்று ஒரு வாக்குமூலம் வந்தால் அதோடு சரி. வழக்கு ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசிக்கொண்டு வக்கீல் செலவைத் தாங்குவதும் இங்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. ஆகவே டப்பாவிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

புதுச் சட்டம் 2019இல் நிறைவேறி 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மன்றம் ஆணையம் ஆயிற்று. எனக்குப் பெரிதாகப் பட்டவை மூன்று. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். பொருள் பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயம் வந்தது, தகுந்த எச்சரிக்கை தராததே தயாரிப்பாளரைப் பிடிக்கப் போதும். மூன்றாவதைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன்: தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால், அல்லது நம் சட்டம் எட்டாத நாட்டில் இருந்தால், விற்றவரே பொறுப்பு. பாளையங்கோட்டை அம்மாவின் பொட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது இந்தப் பிரிவு இருந்திருக்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பில் சிக்கல் அப்போதும் இருந்திருக்கும். அதையும் காலம் ஒருவாறு தீர்த்துவிட்டது. இப்போது பெட்டிக்கடையிலும் ஜிபே. பத்து ரூபாய் சாஷேக்கும் தேதி, நேரம், கடைக்காரர் பெயரோடு போனில் பதிவு இருக்கிறது. பில் தராத கடைக்காரர் பணம் வாங்கியதை மறுக்க முடிவதில்லை.

கெட்டதும் அதே போன் வழியாகத்தான் வருகிறது. முன்பு வெளிநாட்டு கிரீம் என்றால் சென்னை பர்மா பஜாரிலிருந்தோ, வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியிலோ வரும். இப்போது இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாட்ஸப்பில் ஆர்டர், கூரியரில் டப்பா. விற்பவருக்கு முகவரி கிடையாது. கேஸ் போட்டால் பக்கத்தை மூடிவிட்டு வேறு பெயரில் திறப்பார்கள். அதனால் இப்போது டப்பாவோடு சேர்த்து, சாட்டை அழிக்காதீர்கள், கூரியர் உறையைக் கிழித்துப் போடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாதரசம் பற்றி ஆணையங்கள் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியது கேரளத்துச் சேதிக்குப் பிறகுதான். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இலேயே 32 சிவப்பழகு கிரீம்களைச் சோதித்து 14இல் பாதரசம் இருப்பதாகச் சொன்னது. பரபரப்பு இரண்டு வாரம் நின்றது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு ஒரே வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். சிறுநீரகத் திசுவில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற புரதம் தெரிந்தது. அது அரிதாகக் காணப்படுவது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். இதற்கு முன்பே வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், நாட்டு மருந்து சாப்பிட்ட சிலரிடம் இதே புரதத்தைக் கண்டு எழுதியிருந்தார்கள். தோலில் பூசியது சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று நான் சொன்னால் நம்பாத ஆணையம், திசு அறிக்கையை நம்பியது.

விதிப்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர்த்த அழகுசாதனங்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வேண்டுமென்று சேர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கான பங்குகள் சேர்க்கிறார்கள். அட்டையில் பாதரசம் என்று எழுத மாட்டார்கள். எழுதினாலும் கலோமெல் என்று இருக்கும். அப்படி ஒரு டப்பாவோடு காயல்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கால் வீக்கம், சிறுநீரில் நுரை. மலப்புறத்துச் சேதியைப் படித்திருந்த சிறுநீரக மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிரீம் ஏதும் போடுதீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். வாங்கியது எங்கள் ஊர் ஃபேன்ஸி ஸ்டோர் ஒன்றில். அட்டையில் உருது எழுத்து, இறக்குமதியாளர் பெயர் இல்லை, இறக்குமதிப் பதிவு எண் இல்லை. ஜிபே பதிவு இருந்தது. கிரீமிலும் பாதரசம், அவர் சிறுநீரிலும் பாதரசம். அதே வீட்டில் கிரீமைத் தொடாத மாமியாரையும் குழந்தையையும் சோதிக்கச் சொன்னோம். துண்டு, தலையணை வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் இது ஏறும் என்று 2012இலேயே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எழுதியிருக்கிறது.

நஷ்டஈடு எவ்வளவு கேட்கலாம் என்று பேசும்போது அவர் ஒன்று கேட்டார். "அக்கா, எனக்குக் குடுக்கது இருக்கட்டும். அந்தக் கடையில அது இன்னும் இருக்கே, அத எடுக்கச் சொல்ல முடியுமா?" முடியும். ஆபத்தான பொருளை விற்காதே, விற்பனைக்கு வைத்ததைத் திரும்ப எடு என்று உத்தரவிடும் அதிகாரம் 1993ஆம் வருஷத்துத் திருத்தத்திலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. நஷ்டஈட்டையே பார்த்துக்கொண்டு அதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். நான் எந்த மனுவிலும் அதை விடுவதில்லை, இதில் அதையே முதல் கோரிக்கையாக எழுதினேன். இடைக்கால உத்தரவு கிடைத்தது. மருந்து ஆய்வாளருக்கும் நகல் போயிற்று, கடையில் இருந்த சரக்கைக் கைப்பற்றினார்கள். கடைக்காரர் ஆணையத்தில் எழுந்து, தனக்குச் சரக்குக் கொடுத்தவரின் பெயரையும் போன் நம்பரையும் தானாகவே சொன்னார். அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மனு போட்டிருக்கிறோம். அவர் இன்னும் யாருக்கெல்லாம் சரக்குக் கொடுத்தார் என்ற கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லித் தனியாக ஒரு மனு. இரண்டும் அடுத்த மாதம் விசாரணைக்கு வருகின்றன.